அனுப்பவும் பார்க்கவும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கும்பகோணத்திலிருந்து சித்தி கூப்பிட்டார். வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். வருகிறவர்கள் எல்லாம் "ஸ்கேன் பண்ற அட்டை இல்லையாக்கா?" என்று கேட்கிறார்களாம். சில்லறை கொடுத்து மாளவில்லை. அதனால் ஒரு யூபிஐ ஆப்பை இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்ப்பா, இது என்னமோ கேக்குது. மெசேஜ் அனுப்பவும் பாக்கவும் அனுமதிக்கவான்னு போட்டிருக்கு. அமுக்கட்டுமா?"

"அமுக்குங்க சித்தி. இல்லன்னா நம்பர் பதிவாகாது."

"பாக்கவும்னா எந்த மெசேஜை?"

"உங்க போன்ல இருக்கறதத்தான்."

"எல்லாத்தையுமா?"

கொஞ்சம் தயங்கிவிட்டு ஆமாம் என்றேன்.

"நம்பர் பதியறதுக்கு என் மெசேஜ் எல்லாத்தையும் எதுக்குப்பா பாக்கணும்?"

பதினைந்து வருடங்களாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். குடும்பத்தில் யார் போன் வாங்கினாலும் முதல் அழைப்பு எனக்குத்தான். இத்தனை வருடங்களில் நான் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் "அமுக்குங்க" என்ற ஒரே சொல். எதுக்கு என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. சித்தியிடம் அன்றைக்கு என்னவோ சொல்லிச் சமாளித்தேன். கேள்வி போகவில்லை. இந்தக் கட்டுரை அதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

விமர்சனம் என்றால் ஒரு நாவலையோ கவிதைத் தொகுப்பையோ எடுத்துக்கொள்வது வழக்கம். நான் எடுத்துக்கொள்வது சித்தி வாசித்துக் காட்டிய அந்த ஒற்றை வாக்கியத்தை. ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் அத்தனை பேரும் ஒருமுறையாவது பார்த்து, பாதிப் பேர் படிக்காமலேயே கடந்துபோன வாக்கியம் அது. எழுத்தாளர் பெயர் இல்லாத பிரதி. ஆனால் அதற்கு நாம் சொல்லும் "சரி"க்கு விளைவு உண்டு என்பதால், ஒரு நாவலை வாசிக்கும் கவனத்தில் பாதியாவது அதற்குக் கொடுக்கலாம்.

முதலில் இலக்கணம். "அனுப்பவும் பார்க்கவும்" என்பதில் இருக்கும் உம், பள்ளிக்கூடத்தில் படித்த எண்ணும்மை. இரண்டு செயல்களை ஒரே தட்டில் வைக்கிறது. யூபிஐ ஆப்புக்கு உண்மையில் வேண்டியது முதல் செயல். உங்கள் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வங்கியின் சர்வருக்குப் போக வேண்டும். அது எந்த எண்ணிலிருந்து வந்தது என்று பார்த்துத்தான் இந்த ஆப், இந்த போன், இந்த சிம், இந்த வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே ஆளுடையவை என்று முடிவு செய்கிறார்கள். ஊரில் யாரோ ஒருவர் உங்கள் நம்பரை டைப் செய்து உங்கள் கணக்கைத் திறந்துவிடாமல் காப்பது அந்த ஒரு செய்திதான். நல்ல ஏற்பாடு. அதில் எனக்குக் குறையில்லை.

குறை அந்த உம்மில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அனுப்புவது, வருவதைப் பெறுவது, இருப்பதைப் படிப்பது ஆகியவை தனித்தனி அனுமதிகள். ஆனால் பயனரிடம் கேட்கும்போது மூன்றும் ஒரே குழு, ஒரே கேள்வி. அனுப்ப மட்டும் போதும் என்று நினைக்கும் யோக்கியமான ஆப்புக்கும் திரையில் வருவது "அனுப்பவும் பார்க்கவும்"தான். அதற்கு நீங்கள் சரி சொல்லிவிட்டால், அதே ஆப் நாளைக்கு அதே குழுவிலுள்ள இன்னொன்றைக் கேட்கும்போது புதிதாகத் திரை வராது. முன்பு சொன்ன சரியே அதற்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளப்படும். கடைக்குச் சாவி கொடுத்தோம், அதே சாவி பீரோவுக்கும் பொருந்துகிறது என்ற கதை.

ஐபோனில் இதே யூபிஐ பதிவு எப்படி நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? செய்தி எழுதும் திரை திறக்கும். உள்ளே எழுத்துகள் நிரப்பப்பட்டிருக்கும். நீங்கள் உங்கள் விரலால் "அனுப்பு" என்று அமுக்க வேண்டும். முடிந்தது வேலை. வந்திருக்கும் செய்திகளைப் படிக்கும் அனுமதி அங்கே எந்த ஆப்புக்கும் கிடையாது, கேட்கவும் வழியில்லை. ஒரு தட்டு கூடுதல், அவ்வளவுதான். சித்தியின் கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்: பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, கேட்கிற மாதிரி கட்டியிருக்கிறார்கள், அதனால் கேட்கிறது.

இரண்டாவது, அந்த வாக்கியம் சொல்லாமல் விட்டவை. எந்த மெசேஜ்? சொல்லவில்லை. எத்தனை நாளைக்கு? சொல்லவில்லை. பார்த்துவிட்டு எங்கே கொண்டுபோகும்? அதையும் சொல்லவில்லை. "பார்க்க" என்ற சொல்லே கொஞ்சம் சாதுவான சொல். பார்ப்பது என்றால் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது போலத் தோன்றுகிறது. ஆனால் ஆண்ட்ராய்டில் இணையத்தைப் பயன்படுத்தும் அனுமதி எந்த ஆப்புக்கும் கேட்காமலேயே கிடைத்துவிடுகிறது. எனவே பார்ப்பதற்கும் நகலெடுத்து வெளியே அனுப்புவதற்கும் நடுவில் இன்னொரு கதவு இல்லை. ஒருமுறை "பார்க்க" விட்டால் எடுத்துச் செல்லவும் விட்டதாகத்தான் கணக்கு.

சரி, அப்படி அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது? என் நண்பர் ஒருவர் சொல்வார்: "எஸ்எம்எஸ்ஸா? அதை யார் சார் பாக்கறா, எல்லாம் வாட்சப்தான்." சரிதான், மனிதர்கள் அங்கே எழுதிக்கொள்வதை நிறுத்தி வெகுநாளாகிறது. இப்போது அங்கே எழுதுகிறவை நிறுவனங்கள். சம்பளம் ஏறியது, தவணை எடுக்கப்பட்டது, மினிமம் பேலன்ஸ் இல்லை, கேஸ் சிலிண்டர் வந்தது, ஸ்கேன் ரிப்போர்ட் தயார், இன்சூரன்ஸ் காலாவதி, பள்ளிக் கட்டணம் பாக்கி, ரயில் டிக்கெட் பிஎன்ஆர். ஒரு குடும்பத்தின் ஒரு வருட எஸ்எம்எஸ்ஸை வரிசையாகப் படித்தால், அந்தக் குடும்பத்தைப் பற்றி அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிடும்.

இதற்கு மேல் அது பாஸ்புக் மட்டுமாக இருந்தாலும் பரவாயில்லை. சாவியும் அதிலேயே வருகிறது. 2009 ஆகஸ்டிலிருந்து இணையத்தில் கார்டு மூலம் பணம் செலுத்த இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. அந்த இரண்டாவது சரிபார்ப்பு காலப்போக்கில் பெரும்பாலும் எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி என்று ஆனது. உலகின் பல நாடுகள் கார்டு எண் மட்டும் போதும் என்று இருந்த காலத்தில் இது துணிச்சலான முடிவு, பலரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் பூட்டைப் பலப்படுத்தியதில் சாவி முழுக்க ஒரே பெட்டிக்குள் வந்து விழ ஆரம்பித்தது. அந்தப் பெட்டியைத் திறக்கத்தான் டார்ச்லைட் ஆப்கூட ஒரு காலத்தில் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது.

பயனே இல்லை என்று வாதிட வரவில்லை. நானே அனுபவித்திருக்கிறேன். வங்கிச் செய்திகளைப் படித்து மாதச் செலவைக் கணக்குப் போட்டுத் தரும் ஆப் ஒன்றை இரண்டு வருடங்கள் வைத்திருந்தேன். ஹோட்டலுக்கு மட்டும் நான் செலவழித்தது எவ்வளவு என்று அது முதல் மாதம் காட்டியபோது நிஜமாகவே வெட்கமாக இருந்தது. டயரியில் எழுதி எழுதிப் பாதியில் விட்டவனுக்கு அது பெரிய உதவி.

கடன் விஷயமும் அப்படித்தான். கென்யாவில் 2007இல் எம்-பெசா வந்த பிறகு, ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் ஒரு எஸ்எம்எஸ் வந்தது. வங்கிக் கணக்கே இல்லாத காய்கறிக்காரரின் வரவுசெலவு முதல்முறையாக எங்கோ எழுதப்பட்டது. அதைப் படித்து, இவர் திருப்பித் தருவார் என்று கணித்து, நிமிடங்களில் சின்னக் கடன் கொடுக்கும் ஆப்கள் அங்கே வளர்ந்தன. சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு நம்மூரிலும் அதே முறை வந்தது. கந்துவட்டிக்காரரிடம் நிற்பதைவிட போனிடம் நிற்பது மேல் என்று ஒருவர் நினைத்தால், அவரை ஏசிப் பேச எனக்கு உரிமையில்லை.

ஆனால் இந்தப் பயன்களின் வாழ்நாளைப் பாருங்கள். வால்நட் என்று ஒரு செலவுக்கணக்கு ஆப் இந்தியாவில் பிரபலமாக இருந்தது. எஸ்எம்எஸ் படித்துக் கணக்குக் காட்டுவதுதான் அதன் வேலை. 2018இல் அதை வாங்கிய கேபிடல் ஃப்ளோட், கடன் கொடுக்கும் நிறுவனம். அவர்கள் தவறு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. வியாபாரத்தில் ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்குவது சகஜம். நான் சொல்வது வேறு. கணக்கு எழுத ஒருவரிடம் அனுமதி கொடுக்கிறோம். அனுமதி அங்கேயே இருக்கிறது, எதிரில் இருக்கும் ஆள் மாறிவிடுகிறார். நாம் சொன்ன "சரி"க்குத் தேதி இல்லாததால் அது புதியவருக்கும் செல்லுபடியாகிறது.

இனி அபாயத்துக்கு வருவோம். மாமா ஒருவருக்கு, பழைய அலுவலக நண்பரின் வாட்சப் எண்ணிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது. படமாக இல்லை, ஏபிகே கோப்பாக. "பையன் ஏதோ புதுசா பண்ணியிருக்கான்போல" என்று நினைத்துத் திறந்திருக்கிறார். அது மெசேஜ் அனுமதி கேட்டது. அமுக்கினார். பத்திரிகை எதுவும் வரவில்லை. மாலைக்குள் அவர் எண்ணிலிருந்து அதே பத்திரிகை எங்கள் எல்லோருக்கும் வந்தது. மறுநாள் காலை கணக்கில் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் குறைந்திருந்தது. ஓடிபி வந்ததா என்று கேட்டதற்கு, "சத்தியமா வரலப்பா" என்றார். வந்திருக்கும். அவர் கண்ணுக்கு முன்னால் வேறொருவர் வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

வங்கியில் மாமாவிடம் கேட்ட முதல் கேள்வி: "நீங்கதானே சார் அனுமதி கொடுத்தீங்க?" அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை. பணம் போனதைவிட அந்தக் கேள்விதான் அவரை உட்கார வைத்தது.

இந்த இடத்தில் நம் துறையில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு உருவகத்தை மறுக்க வேண்டியிருக்கிறது: பயனையும் பாதுகாப்பையும் தராசில் வைத்துச் சமநிலை காண வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. தராசு வேலை செய்ய வேண்டுமானால் இரண்டு தட்டும் ஒரே நேரத்தில், ஒரே ஆளின் கண்முன் இருக்க வேண்டும். இங்கே பயன் இப்போதே தெரிகிறது: ஆறு இலக்கத்தை டைப் செய்ய வேண்டாம், கணக்குத் தானாக ஓடும். அபாயம் எப்போதோ, எங்கோ. பயனில் பெரும்பங்கு ஆப்பை நடத்துகிறவருக்கு, இழப்பு முழுக்க மாமாவுக்கு. தவிர, என் பெட்டியில் இருப்பவை நான் எழுதியவையும் அல்ல. என் அப்பாவின் ஸ்கேன் பற்றிய செய்தி என் போனுக்குத்தான் வருகிறது. நான் அமுக்கும் "சரி"யில் அவர் சம்மதம் எங்கே இருக்கிறது? இவ்வளவு கோணலாக நிற்கும் தராசைச் சித்தியின் கையில் கொடுத்து, நிறுத்துப் பாருங்கள் என்கிறோம். தப்பாக நிறுத்தால் பழியும் அவருக்கே.

தராசை யாரிடமும் கொடுக்காமல் பிரச்சினையைத் தீர்த்த சந்தர்ப்பங்கள் உண்டு, அவற்றைப் பார்த்தால் வழி தெரிகிறது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6, ஆப்பை நிறுவும்போது மொத்தமாக அனுமதி வாங்குவதை மாற்றி, தேவைப்படும்போது கேட்கச் சொன்னது. முன்னேற்றம்தான், ஆனால் முடிவு இன்னும் பயனர் விரலில். 2017இல் கூகுள் கொண்டுவந்த எஸ்எம்எஸ் ரிட்ரீவர் வேறு மாதிரி. ஓடிபி அனுப்பும் நிறுவனம், செய்தியின் கடைசியில் தன் ஆப்புக்கான பதினோரு எழுத்து அடையாளம் ஒன்றைச் சேர்க்கும். போன் அந்த ஒரு செய்தியை மட்டும் அந்த ஒரு ஆப்பிடம் கொடுக்கும். மற்ற செய்திகள் அதற்குத் தெரியவே தெரியாது. அனுமதித் திரையே கிடையாது. பிறகு இன்னொன்றும் வந்தது: வந்த அந்தச் செய்தியையே திரையில் காட்டி, இதை இந்த ஆப் படிக்கட்டுமா என்று கேட்பது. 2018இல் ஐபோனிலும் ஓடிபி விசைப்பலகைக்கு மேலே தானாக வந்து நின்றது. ஆப் செய்தியைப் படிப்பதில்லை, போன் படித்து எண்ணை மட்டும் நீட்டுகிறது. டைப் செய்யாமலிருக்கும் சுகம் இவை எல்லாவற்றிலும் அப்படியே கிடைக்கிறது. பயனைக் குறைத்தால்தான் பாதுகாப்பு என்பது உண்மையென்றால் இது நடந்திருக்க முடியாது.

இதற்குப் பிறகுதான் கூகுள் 2018 அக்டோபரில் அறிவித்து 2019இல் நடைமுறைப்படுத்திய கட்டுப்பாடு: பிளே ஸ்டோரில் இருக்கும் ஆப்கள் தகுந்த காரணம் இல்லாமல் எஸ்எம்எஸ், அழைப்புப் பதிவு அனுமதிகளைக் கேட்கக் கூடாது. பெருமளவு ஆப்கள் அந்தப் பழக்கத்தை விட்டன. ஆனால் எனக்கு இதில் இரண்டு மனத்தாங்கல்கள்.

ஒன்று, எது தகுந்த காரணம் என்று தீர்மானிப்பது ஒரு தனியார் நிறுவனம். பெரிய நிறுவனம் வக்கீல் வைத்து விளக்கம் எழுதும். தன் அம்மாவுக்காக "மின்சாரம் போனால் மெசேஜ் அனுப்பு" என்று ஒரு சின்ன ஆப் எழுதிய தனி ஆள் படிவத்தோடு மல்லுக்கட்டுவார். இரண்டாவது இன்னும் முக்கியம். விதிவிலக்குப் பட்டியலில் எஸ்எம்எஸ் வழிப் பணமேலாண்மை ஆப்கள் உண்டு, பணம் தொடர்பான செய்திகளை மட்டும் தொட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த "மட்டும்" கொள்கை ஆவணத்தில்தான் இருக்கிறது. போனுக்குள் அப்படி ஒரு வேலி கிடையாது. அனுமதி கிடைத்த ஆப் முழுப் பெட்டியையும் படிக்க முடியும், படிக்க மாட்டேன் என்பது அதன் வாக்குறுதி. கடன் ஆப்களின் அட்டூழியம் முற்றிய பிறகு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் நெறிமுறை கொண்டுவந்து, தொடர்புப் பட்டியல், கோப்புகள், அழைப்புப் பதிவுகளைத் தொடக் கூடாது என்றது. கூகுளும் 2023 மே இறுதியிலிருந்து தனிநபர் கடன் ஆப்கள் படங்களையும் தொடர்புகளையும் அணுகத் தடை விதித்தது. தேவையான விதிகள்தான். இருந்தாலும் மாமாவின் கல்யாணப் பத்திரிகைக்கு எந்தக் கொள்கையும் பொருந்தாது. அது கடை வழியாக வரவே இல்லை.

அதற்காக வந்ததுதான் கூகுள் 2024இல் முதலில் சிங்கப்பூரிலும் பிறகு இந்தியாவிலும் சோதித்த முறை. பிரவுசர், மெசேஜ் ஆப் போன்ற இடங்களிலிருந்து இறக்கிய ஒரு ஆப் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி போன்றவற்றைக் கேட்கும் வகையில் இருந்தால், நிறுவுவதையே தடுத்துவிடுவது. என் நண்பர்களில் சிலருக்கு இதில் கோபம்: என் போன், எனக்கு வேண்டியதை நான் போட்டுக்கொள்வேன், நீ யார் தடுக்க? அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன், பாதி என்னுடையதும்கூட. ஆனால் மாமாவின் முகம் நினைவுக்கு வரும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. கதவை முழுக்கத் திற அல்லது முழுக்க மூடு என்ற இரண்டே நிலை வைத்ததன் விளைவுதான் இந்தச் சண்டை. பாதி திறக்கும் கதவு இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

பாதி திறக்கும் கதவு மற்ற அறைகளுக்கெல்லாம் வந்துவிட்டது. 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல் இருப்பிடம், மைக், கேமரா மூன்றுக்கும் "இந்த ஒருமுறை மட்டும்" என்று சொல்லலாம். ஆண்ட்ராய்டு 14இல் எல்லாப் படங்களையும் தராமல் தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் கொடுக்கலாம். குறுஞ்செய்திக்கு மட்டும் இன்னும் எல்லாம் அல்லது ஒன்றுமில்லை. இந்த அனுப்புநரிடமிருந்து வருவதை மட்டும், இன்றிலிருந்து வருவதை மட்டும், ஆறு மாதத்துக்கு மட்டும் என்று ஏன் சொல்ல முடியாது? வங்கிகளின் செய்திகள் பதிவு செய்யப்பட்ட பெயர்களில்தான் வருகின்றன, பிரித்தறிவது பெரிய வித்தை இல்லை. செலவுக்கணக்கு ஆப்புக்கு என் வங்கியின் செய்திகள் போதும். அப்பாவின் ஸ்கேன் அதற்கு எதற்கு?

சித்திக்கு மறுபடியும் போன் செய்தேன். பதிவு முடிந்துவிட்டதாம், அட்டையும் வந்துவிட்டதாம். செட்டிங்ஸுக்குள் போய் எஸ்எம்எஸ் அனுமதியை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தால் சில ஆப்கள் முரண்டு பிடிக்கும், மறுபடியும் கேட்கும், அப்படிக் கேட்டால் எனக்குச் சொல்லுங்கள் என்றேன். வாட்சப்பில் யார் அனுப்பினாலும் பத்திரிகை படமாக இல்லாவிட்டால் தொடாதீர்கள், அவர்களுக்கே போன் போட்டுக் கேளுங்கள் என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இவ்வளவு இருக்குன்னா, அன்னிக்கு ஏம்ப்பா உடனே அமுக்குன்னே?"

பழக்கதோஷம் சித்தி என்றேன். சிரித்தார். நான் சொன்னது முழு உண்மை. அந்த வாக்கியத்தை எழுதியவர்களும் எங்கள் பழக்கத்தை நம்பித்தான் அதை அவ்வளவு சின்னதாக எழுதியிருக்கிறார்கள். அடுத்தமுறை குடும்பத்தில் யாராவது திரையை வாசித்துக்காட்டி அமுக்கட்டுமா என்று கேட்டால், எதுக்குன்னு போட்டிருக்கா பாருங்க என்று திருப்பிக் கேட்பதாக இருக்கிறேன். பெரும்பாலும் போட்டிருக்காது.